எர்னெஸ்ட் பெவின்

ஒரு வீட்டில் உள்ளார் அனைவரும் சாந்த குணமுடையவராயிருப்பினும், இரவில் கதவைத் தாழிட்டுத் தடியொன்றை அருகில் வைத்துத் திண்ணையிற் படுப்பவர் ஒருவர் இருத்தல் வழக்கம். பகலில் வீட்டார் அவரை முரடர் என்று குறைகூறுவர்; இரவில் அவர் திண்ணையில் இருக்கின்றார் என்னும் நம்பிக்கையால் உறங்குவர். அரசியற் கட்சிகளிலும் இத்தகையோர் உளர். ஏழைகளின் நலத்தையும் உலக சமாதானத்தையும் குறிக்கோளாகக் கொண்ட இடதுசாரிக் கட்சிகளில், பகைவரைத் தடுக்கப் படைவலி வேண்டும் என்று வாதிப்போரைப் பருந்துகள் என்றும், எவ்வாற்றானும் போர் வேண்டா என்போரைப் புறாக்கள் என்றும் பத்திரிகைகள் அழைக்கும். அப்பருந்துகள் பெரும்பாலும் கட்சியின் நடுவிடத்தில் நிற்பவர். அவர் அங்கே இருத்தற்கு உரியவரா, அன்றி வழி தவறிப் புகுந்தவரா என்பது நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கு. அவ்வழக்கை ஆராய்வார்க்கு, இங்கிலாந்துத் தொழிற் கட்சியின் தூண்களுள் ஒருவராய் விளங்கிய எர்னெஸ்ட் பெவின் என்பாரது வாழ்க்கை பெரிதும் துணைபுரியும் என்பது எமது எண்ணம்.

பெவின் 1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள வின்ஸ்போர்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை இன்னார் என்று அறியும் பேறு அவர்க்கு வாய்த்திலது. அன்னையார் கூலிவேலை செய்து மக்களைக் காத்தவர். பெவினுக்கு எட்டு வயதாயிருக்கையில் அவரும் காலஞ்சென்றார். தமக்கையார் இல்லத்தில் ஒதுங்கிய சிறுவர் பதினோராம் வயதிலேயே பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்குச் சென்றார். சில ஆண்டுகளில் பிரிஸ்டல் நகரத்தை அடைந்து, ரொட்டிக் கடையில் ஏவல்செய்தும், பின்னர்ச் சோடா முதலிய பானங்களைக் குதிரை வண்டியில் ஏற்றிக் கடைதோறும் கொடுத்தும் பிழைத்தார். கல்லூரி வாயிலை மாணவராக அவர் மிதித்ததே இல்லை. ஆயினும் பாப்டிஸ்டு சபையாரின் ஆலயத்தில் வேதபாட வகுப்புக்களிற் கலந்து, நாளடைவில் தாமே பிரசங்கஞ் செய்யவும் கற்றார். தொழிலாளர் கூட்டங்களில் அவர் பிற்காலத்தில் முழங்கிய முழக்கத்திற்கு வித்து அவ்வாலயத்திலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

பிரிஸ்டலில் வேலையற்றோர் படும் துன்பத்தைக் கண்ட பெவின் சமதர்மக் கூட்டத்தாருடன் சேர்ந்தார். 1910ஆம் ஆண்டில் துறைமுகத்தில் வேலை நிறுத்தம் நிகழ்ந்தபொழுது, தம்மைப்போன்ற வண்டிக்காரரைத் திரட்டித் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு கிளையாகச் சேர்த்தார். மறு ஆண்டில் அச்சங்கத்தின் சம்பளம் பெறும் ஊழியரானார். அதுமுதல் அவர் வாழ்வு தொழிலாளர் வாழ்வோடு ஒன்றாயிற்று.

அவர் புகழை நாடெங்கும் பரப்பியது 1920ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு விசாரணை. துறைமுகத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்குப் பதினாறு ஷில்லிங் கூலி வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டனர். முதலாளிகளின் பக்கத்தில் கணிதம் வல்ல பேராசிரியர் ஒருவர் தோன்றி, ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு இவ்வளவே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பெவின் கடைத்தெருவிற்குச் சென்று, அக்கணக்கின்படி கிடைக்கும் உணவுப் பொருள்களை வாங்கிச் சமைத்து, ஐந்து தட்டுக்களிற் பங்கிட்டு விசாரணை மன்றத்தின்முன் கொணர்ந்து வைத்தார். நாள் முழுதும் மூட்டை சுமக்கும் ஒருவன் இதனை உண்டு உழைக்க முடியுமோ என்பது அவர் வினா. புள்ளிவிவரம் சாதிக்கக் கருதியதைத் தட்டு ஒரு நொடியில் முறியடித்தது. தொழிலாளர் கேட்ட கூலி அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. அன்று முதல் அவரைத் துறைமுகத் தொழிலாளரின் வழக்கறிஞர் என்று ஜனங்கள் அழைக்கலாயினர்.

அதே 1920ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு செயலையும் நேயர்கள் மனத்தில் இருத்தல் வேண்டும். ருஷியப் புரட்சி அரசை எதிர்த்துப் போலந்து நாடு போர் செய்துகொண்டிருந்தது. போலந்திற்குப் போர்த்தளவாடங்களைக் கொண்டுசெல்லவிருந்த கப்பலில் அவற்றை ஏற்ற லண்டன் துறைமுகத் தொழிலாளர் மறுத்தனர். பெவின் அவர்களைத் தாங்கி நின்றார். சில மாதங்களின் பின், ருஷியாவின்மீது பிரிட்டிஷார் போர் தொடுக்கலாகாதென்று பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜிடம் எச்சரிக்கச் சென்ற தூதுக் குழுவிற்கும் அவரே தலைமை வகித்தார். பிற்காலத்தில் ருஷியாவின் பெரும் பகைவர் என்று தூற்றப்பட்டவர், தம் நாற்பதாம் வயதிற்குள் அந்நாட்டிற்காகப் பரிந்து நின்றார் என்பதனை அவரைத் தூற்றியோர் பலர் மறந்தனர். அவர் பிறப்பினால் பருந்தாயினார் அல்லர்.

1922ஆம் ஆண்டு தொடக்கத்தில், பதினான்கு சங்கங்களை ஒன்றாக்கிப் போக்குவரத்துத் தொழிலாளர் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெருஞ்சங்கத்தை அமைத்து, அதன் பொதுக் காரியதரிசியானார். மூன்று லட்சம் அங்கத்தினரோடு தொடங்கிய அது, 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆறு லட்சத்தையும் கடந்து வளர்ந்தது. தொழிற் கட்சியின் மகாநாட்டில் ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் தொகைக்கு ஏற்ற வாக்குக்களை ஒரே சீட்டில் ஒரே பக்கமாக அளிப்பது அக்கால முறை. ஆதலின் பெவின் கையை உயர்த்தினால் லட்சக்கணக்கான கைகள் உயர்ந்தனவாகும். இவ்வதிகாரம் அவர்க்கு வலிமையும் தந்தது, செருக்கும் தந்தது.

1926ஆம் ஆண்டுப் பொது வேலை நிறுத்தம் ஒன்பது நாட்களில் தோல்வியுற்றது. 1931ஆம் ஆண்டில் தொழிற் கட்சியின் தலைவராயிருந்த ராம்ஸே மக்டானல்டு கட்சியை விட்டு எதிர்க்கட்சியாருடன் சேர்ந்து மந்திரிசபை அமைத்தார். இவ்விரு நிகழ்ச்சிகளும் பெவினுக்கு இரண்டு பாடங்கள் கற்பித்தன. வீராவேசமான பேச்சு தொழிலாளியின் அடுப்பை எரிக்காது என்பது ஒன்று. கட்சி முடிவுக்குக் கட்டுப்படாத தலைவரை நம்பலாகாது என்பது மற்றொன்று. தம் சங்கத்திற்குள்ளும் பொதுவுடைமையார் தனிக் குழுவாக இயங்குவதை அவர் பொறுத்திலர். 1937ஆம் ஆண்டில் லண்டன் பஸ் தொழிலாளர் நடத்திய வேலை நிறுத்தம் தோற்றபின், அக்குழுவின் தலைவர்களைச் சங்கத்தினின்றும் விலக்கினார்.

இங்ஙனம் கூலி, வேலை, சங்கம் என்பவற்றையே கருதிவந்தவர் போர்ப்படையைப்பற்றிச் சிந்திக்கத் தொடங்கியது எங்ஙனம்? 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சி பெற்றான். அவ்வாண்டு மே மாதம் 2ஆம் நாள் அவன் ஆட்கள் தொழிற்சங்கக் கட்டடங்களிற் புகுந்து, பணத்தைப் பறித்துத் தலைவர்களைச் சிறையிலிட்டனர். ஐரோப்பாவிலேயே வலிமை மிக்கது எனப் பெயர்பெற்ற தொழிலாளர் இயக்கம் ஒரே நாளில் அழிந்தது. சர்வாதிகாரியின் கை முதலிற் பற்றுவது தொழிலாளியின் கழுத்தையே என்பதனைப் பெவின் அன்று உணர்ந்தார். அவர் பருந்தானது நாட்டுச் செருக்கினாலன்று. பேரரசைப் பெருக்கும் ஆசையினாலுமன்று. சங்கக் கட்டடத்தின் கதவு உடைபடும் ஓசையைக் கேட்டதனாலேயாம்.

ஆனால் அக்காலத்துத் தொழிற் கட்சி வேறொரு மனப்பான்மையில் இருந்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த மகாயுத்தத்தில் மாண்ட மக்களின் நினைவு ஒவ்வொரு தெருவிலும் ஆறாத புண்ணாயிருந்தது. படைக்கருவிகளுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாக்களை எதிர்த்து வாக்களிப்பது கட்சியின் வழக்கம். கட்சியின் தலைவராயிருந்தவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. அவரைப் போன்ற தூய உள்ளத்தினர் அரசியலில் அரியர். ஏழைகளின் பொருட்டு 1921ஆம் ஆண்டில் தம் நகரசபைத் தோழருடன் சிறை சென்றவர். கிறிஸ்து பெருமான் போதித்த அகிம்சையை எழுத்துக்கெழுத்து மேற்கொள்ள வேண்டுமென்பது அவர் உறுதி. கட்சித் தொண்டர் அவரைத் தந்தையெனப் போற்றினர்.

1935ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பிரைட்டன் நகரில் கட்சியின் மகாநாடு கூடிற்று. இத்தாலியின் முஸோலினி அபிசீனியா நாட்டின்மேற் படையெடுக்கக் காத்திருந்த சமயம் அது. சர்வதேச சங்கத்தின் வழியாக இத்தாலிக்கு எதிராகத் தண்டனை முறைகளைக் கையாளுதல் வேண்டும், அதனால் போர் விளையினும் பின்வாங்கலாகாது என்னும் கருத்துடைய தீர்மானம் மகாநாட்டின்முன் வந்தது. பிற்காலத்தில் நம் நாட்டிற்குத் தூது வந்த ஸர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ், முதலாளித்துவ அரசாங்கத்தின் கையிற் படையை ஒப்படைக்கலாகாது என்று கூறி அதனை எதிர்த்தார். எழுபத்தாறு வயதினராகிய லான்ஸ்பரி எழுந்து, தம் மனச்சாட்சி போருக்கு இசையாது என்பதையும், அதனால் தலைமையினின்றும் விலகவும் ஆயத்தமாயிருப்பதையும் உருக்கமாக எடுத்துரைத்தார். சபையோர் எழுந்து நின்று அவர்க்கு வணக்கம் செலுத்தினர்.

பின்னர்ப் பெவின் மேடை ஏறினார். கட்சியின் பொறுப்புள்ள பதவிகளில் அமர்ந்து தீர்மானங்களுக்கு உடன்பட்டுவிட்டு, இப்பொழுது மனச்சாட்சியை ஏந்திக்கொண்டு சபைதோறும் சென்று என் செய்வேன் என்று வினவுவது முறையன்று என அவர் இரக்கமின்றித் தாக்கினார். சபையிற் சிலர் கூச்சலிட்டுத் தடுத்தனர், அவர் நிறுத்தினாரில்லை. வாக்கெடுத்தபொழுது தீர்மானத்திற்குச் சார்பாக 21,68,000 வாக்குக்களும், எதிராக 1,02,000 வாக்குக்களும் கிடைத்தன. மறுநாள் இத்தாலியப் படை அபிசீனியாவிற் புகுந்தது. சில நாட்களில் லான்ஸ்பரி பதவி துறந்தார். அவரிடத்தில் கிளெமெண்ட் அட்லி அமர்ந்தார்.

அன்றைய நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் எம் மனம் இரண்டாகின்றது. பெவின் கூறிய பொருள் உண்மை; கூறிய முறை கொடிது. முதியவர் ஒருவரை அவர் அன்பர் கண்முன்னே நாணச்செய்தல் வீரமாகாது. ஆயினும் அன்று எவரும் அப்பேச்சைப் பேசாதிருந்தால், கட்சி தன் அன்பை லான்ஸ்பரிக்கும், தன் வாக்கைத் தீர்மானத்திற்கும் அளித்து, இரண்டிலும் உண்மையில்லாது நின்றிருக்கும். லான்ஸ்பரி பின்னர் 1937ஆம் ஆண்டில் ஹிட்லரை நேரிற் கண்டு சமாதானம் வேண்டினார்; அம்முயற்சி பயன்தரவில்லை. 1937லேயே தொழிற் கட்சியார், பார்லிமெண்டில் படைச் செலவுகளை எதிர்த்து வாக்களிக்கும் வழக்கத்தைக் கைவிட்டனர். இம்மாறுதலைக் கொணர உழைத்தவருள் பெவின் முதன்மையானவர்.

1940ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் லான்ஸ்பரி உயிர் நீத்தார். மூன்று நாட்கள் கழித்துச் சர்ச்சில் பிரதம மந்திரியாகி, எல்லாக் கட்சியாரும் அடங்கிய மந்திரிசபை அமைத்தார். பார்லிமெண்டில் அங்கத்தினராகவும் இல்லாத பெவின் தொழில் மந்திரியாக அழைக்கப்பட்டார். நாட்டிலுள்ள எவரையும் எவ்வேலைக்கும் அனுப்பும் அதிகாரம் சட்டத்தால் அவர் கைக்கு வந்தது. வேறு எவரிடம் அவ்வதிகாரம் சென்றிருப்பினும் தொழிலாளர் வெகுண்டிருப்பர். பெவின் அதனை அளவறிந்து வழங்கினார். ஆலைகளை நோக்கித் தொழிலாளரை அனுப்பியபொழுதே, அவ்வாலைகளில் உணவுச்சாலைகளும் மருத்துவ வசதியும் உறுதியான ஊதியமும் இருத்தல் வேண்டுமென முதலாளிகளைக் கட்டாயப்படுத்தினார். நாள்தோறும் துறைமுக வாயிலில் நின்று வேலைக்குக் காத்துக்கிடக்கும் பழைய வழக்கத்தை ஒழிக்கவும் அடிகோலினார்.

1941ஆம் ஆண்டு முடிவில் பெண்களையும் தேசிய சேவைக்கு அழைக்கும் சட்டம் பிறந்தது. 1943ஆம் ஆண்டு டிசம்பர் முதல், படைக்கு அழைக்கப்பட்ட இளைஞருள் பத்தில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பினார். செல்வர் மகனென்றும் ஏழை மகனென்றும் வேற்றுமை பாராத முறை அது. ஏறக்குறைய 48,000 இளைஞர் இவ்வாறு சுரங்கம் புகுந்தனர். அவர்கட்குப் பெவின் பையன்கள் என்பது பெயராயிற்று. நம் இந்தியாவுடனும் அவர் பெயர் இணைந்ததுண்டு. 1941ஆம் ஆண்டு முதல் இந்திய இளைஞர் பலரை இங்கிலாந்திற்கு அழைத்து, யந்திரத் தொழில் பயிற்றுவித்து அனுப்பிய திட்டம் அவர் வகுத்தது. அவ்விளைஞர் ஆங்கிலத் தொழிலாளருடன் அருகருகே நின்று வேலை கற்றனர். தொழிலாளிக்குத் தொழிலாளி உறவு என்பது பெவினுக்கு வாய்ப்பேச்சாக மட்டும் இருக்கவில்லை.

1945ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தொழிற் கட்சி 393 இடங்களை வென்று ஆட்சியைக் கைப்பற்றியது. அட்லி பிரதம மந்திரியானார். பெவின் அந்நியநாட்டு மந்திரியானார். சோடா வண்டி ஓட்டியவர், பரம்பரைப் பிரபுக்கள் அமர்ந்த ஆசனத்தில் அமர்ந்ததைக் கண்டு உலகம் வியந்தது. இடதுசாரிக் கட்சி ஆட்சிக்கு வந்தமையால், இடதுசாரி அரசாகிய ருஷியாவுடன் நட்பு எளிதில் அமையும் எனக் கட்சித் தொண்டர் பலர் நம்பினர். ஆயின், கீழை ஐரோப்பிய நாடுகளில் ருஷியப் படையின் நிழலில் சுதந்தரமான கட்சிகளும் சங்கங்களும் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. 1933ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் கண்ட காட்சியையே பெவின் மீண்டும் கண்டார். கொடியின் நிறம் வேறாயினும் சங்கக் கதவை உடைக்கும் கை ஒன்றே என்பது அவர் கொண்ட முடிவு.

கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்தது. 1946ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவிற்கும் ருஷியாவிற்கும் இடையே சமதர்ம நெறி நிற்கும் மூன்றாவது வழியொன்றை மேற்கொள்ள வேண்டுமெனக் கிராஸ்மன் முதலிய தொழிற் கட்சி அங்கத்தினர் பார்லிமெண்டில் ஒரு திருத்தம் கொணர்ந்தனர். அச்சமயம் பெவின் நியூயார்க்கில் இருந்தார். வாக்கெடுப்பில் திருத்தத்திற்குச் சார்பாக ஒருவரும் வாக்களித்திலர். எனினும் தொழிற் கட்சியார் நூற்றுக்கு மேற்பட்டோர் வாக்களியாது ஒதுங்கி நின்றனர். 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் கிராஸ்மன், மைக்கேல் பூட், மிகார்டோ என்போரும் தோழரும் சேர்ந்து சிறு நூலொன்று வெளியிட்டனர். தெருவில் இடப்பக்கம் செல்க என்று வண்டியோட்டிகளுக்கு இடும் கட்டளையே அதன் பெயர். அம்மாதமே மார்கேட் நகரில் நடந்த மகாநாட்டில் பெவின் அவர்களை நேரில் எதிர்த்து நின்றார். தாம் தூரதேசத்தில் நாட்டிற்காக வாதாடுகையில் தோழரே முதுகிற் குத்தினர் என்று மனம் புழுங்கிக் கூறி, தம் கொள்கை முழுவதையும் விரித்துரைத்தார். மகாநாடு அவர் பக்கமே நின்றது.

அவர் தம் கொள்கையைச் செயலாக்கிய திறனும் குறிக்கத்தக்கது. 1947ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அழிந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா பொருளுதவி செய்யக்கூடும் என்று அமெரிக்க மந்திரி மார்ஷல் ஒரு பல்கலைக்கழக விழாவிற் குறிப்பாகக் கூறினார். அச்செய்தியை வானொலி வாயிலாகக் கேட்ட பெவின், திட்டம் ஏதும் வரையப்படாதிருந்தும், அக்குறிப்பையே உறுதிமொழியாகப் பற்றிக்கொண்டார். பிரான்சு நாட்டாருடன் கலந்து பாரிஸில் பேச்சுக்கு ஏற்பாடு செய்தார். ருஷிய மந்திரி மாலடாவ் வந்து, உடன்படாது திரும்பினார். பதினாறு நாடுகள் கூடித் தம் தேவைகளைக் கணக்கிட்டன. சில ஆண்டுகளில் ஏறக்குறைய 1,300 கோடி டாலர் ஐரோப்பாவிற்கு வந்தது. பட்டினி கிடக்கும் நாட்டில் சுதந்தரம் நிலையாது என்பதை ஐந்து தட்டுக்களைக் காட்டி வாதித்தவர் நன்கு அறிவார்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ருஷியர் பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் அடைத்தனர். இருபது லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் உணவும் கரியும் இன்றித் தவிக்கும் நிலை நேர்ந்தது. நகரத்தைக் கைவிடலாகாது, ஆயின் முதற்குண்டை நாம் எறியலாகாது என்னும் நிலையில் பெவின் உறுதியாய் நின்றார். அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் ஓராண்டளவும் இரவுபகலாக உணவும் கரியும் கொண்டுசென்றன. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் அடைப்பு நீங்கிற்று. அதற்கு முன்னரே, ஏப்ரல் 4ஆம் நாள், பன்னிரண்டு நாடுகள் வாஷிங்டனில் கூடி, ஒருவர்மேல் விழும் அடி எல்லோர்மேலும் விழுந்ததாகும் என ஒப்பி வட அட்லாண்டிக் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கை உருவாதற்குப் பாடுபட்டோருள் பெவின் தலையாயவர். தொழிற் சங்கத்தின் அடிப்படை விதியே நாடுகளின் விதியாக அங்கு எழுதப்பட்டது எனலாம்.

புகழை மட்டும் கூறி நிறுத்துதல் வரலாறு எழுதுவார்க்கு அழகன்று. 1946ஆம் ஆண்டு அக்டோபரில் அணுச்சக்தி ஆலைபற்றி மந்திரிகள் சிலர் கூடி ஆராய்ந்தபொழுது, டால்டனும் கிரிப்ஸும் பணமில்லை என்று தயங்கினர். பிந்தி வந்த பெவின், அமெரிக்கரின் முன் பிரிட்டிஷ் மந்திரி தலைகுனியலாகாதெனப் பிடிவாதமாய் நின்று ஆலைக்கு இசைவு பெற்றார். 1947ஆம் ஆண்டு ஜனவரியில் ஆறு மந்திரிகள் மட்டும் கூடி அணுகுண்டு செய்யத் தீர்மானித்தனர். முழு மந்திரிசபைக்கும் அது கூறப்படவில்லை. பார்லிமெண்டிற்கு 1948ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சிறு விடையிற் கூறப்பட்டது. கட்சி மகாநாட்டைக் கேட்பாரே இல்லை. பிரைட்டனிலும் மார்கேட்டிலும் தோழரை நேர்நின்று வாதித்து வென்றவர், இப்பெரும் பொருளில் அவர்களை வினவவேயில்லை. மனச்சாட்சியைச் சபையின்முன் வைத்தது தவறு என லான்ஸ்பரியை இடித்தவர், சபையின்முன் வைக்கவேண்டியதை வையாது மறைத்தார். அவர் வாழ்க்கையிற் பெருங்குறை இதுவே என்பது எம் துணிபு.

பாலஸ்தீன விஷயத்திலும் அவர் தவறினார். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூதர் ஒரு லட்சம் பேரை அந்நாட்டிற் குடியேற்றலாம் என்று 1946ஆம் ஆண்டில் ஆங்கில அமெரிக்கக் குழுவொன்று கூறியதை அவர் ஏற்றிலர். அராபியரையும் யூதரையும் இணக்கும் வழியும் காணவில்லை. துயருற்ற மக்களைப்பற்றி அவர் கூறிய கடுஞ்சொற்கள் அவர்க்கு நீங்காத பழியைத் தந்தன. முடிவில் 1948ஆம் ஆண்டு மே மாதத்தில், போர் மூண்ட நிலையில் பிரிட்டிஷார் வெளியேறினர். இந்தியாவைப் பொறுத்தவரையிலும் அவர் காலத்தின் குறிப்பை அறிந்தாரிலர். வெளியேறும் நாளை முன்கூட்டி அறிவித்தல் பலவீனமாகும் என்று 1947ஆம் ஆண்டு தொடக்கத்தில் அட்லிக்கு எழுதினார். அட்லி அதற்கு இசையாது, பிப்ரவரி 20ஆம் நாள் அவ்வறிவிப்பைச் செய்தார். திண்ணையிற் படுத்தவர் சில வேளைகளில் வீட்டிற்கு உரியாரையும் திருடர் எனக் கருதுவதுண்டு.

ஆயினும் அவர் கண்மூடித்தனமான பகைவர் அல்லர். சீனத்தில் பொதுவுடைமையார் வென்று அமைத்த அரசை, அமெரிக்கா மறுத்தபோதிலும், 1950ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அம்மாதமே, இதய நோயால் தளர்ந்திருந்தும், இலங்கைக்கு வந்து கொழும்பு நகரில் கூடிய காமன்வெல்த் மந்திரிகளின் மகாநாட்டில் நேரு முதலியோருடன் அமர்ந்தார். தெற்காசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவிய கொழும்புத் திட்டம் அம்மகாநாட்டில் முளைத்ததேயாம்.

1950ஆம் ஆண்டு ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. பிரிட்டன் மூன்றாண்டுகளில் 470 கோடி பவுன் படைக்குச் செலவிடத் துணிந்தது. அதன் சுமை மக்கள்மேல் விழுந்தது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நிதி மந்திரி கெயிட்ஸ்கெல், அதுகாறும் இலவசமாய்க் கிடைத்த செயற்கைப் பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதித்தார். அதற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே பெவின் நோயின் காரணமாக அந்நியநாட்டுப் பதவியை விட்டு நீங்கியிருந்தார். ஏப்ரல் 14ஆம் நாள் எழுபதாம் வயதில் உயிர் துறந்தார். அவர் அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பத்து நாட்கள் கழிவதற்குள், இலவச மருத்துவத்தை நிறுவிய அனைரின் பெவன், அக்கட்டணத்தையும் படைச்செலவையும் எதிர்த்து மந்திரிப் பதவியைத் துறந்தார். பெவின், பெவன் என ஓரெழுத்து வேறுபாடே உடைய இருவரும் ஏழைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். கட்சியின் இரு கரைகளாக நின்றவர். அவ்வாண்டு அக்டோபரில் கட்சி ஆட்சியை இழந்தது.

வழக்கு அத்துடன் தீர்ந்ததா? தீரவில்லை. 1960ஆம் ஆண்டில் ஸ்கார்பரோ நகரில் கூடிய மகாநாடு, பிரிட்டன் தானாகவே அணுகுண்டைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. அதற்குச் சார்பாக விழுந்த பெருந்தொகையான வாக்குக்கள், பெவின் தம் கையால் வளர்த்த அதே சங்கத்தின் வாக்குக்களாம். அப்பொழுது கட்சித் தலைவராயிருந்த கெயிட்ஸ்கெல் அம்முடிவை எதிர்த்துப் போராடி மறு ஆண்டில் மாற்றினார். கேளாது செய்த செயலுக்குக் கணக்குக் கேட்கும் நாள் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது என்றே யாம் கருதுகின்றோம்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். சமாதானம் விரும்பும் கட்சியில் பருந்துக்கு இடமுண்டோ? உண்டு என்றே பெவின் வாழ்க்கை விடை கூறுகின்றது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் படைமாட்சிக்கு ஓர் அதிகாரமும் ஒரே நூலில் வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு அது வியப்பன்று. ஏழைகளுக்கென்று எழுந்த கட்சி, அவ்வேழைகளைக் காக்கும் வலிமையை வெறுக்குமாயின், பிறர் கையையே நம்பி வாழ நேரிடும். லான்ஸ்பரிகள் இல்லாத கட்சி தன் ஆன்மாவை இழக்கும்; பெவின்கள் இல்லாத கட்சி தன் வீட்டை இழக்கும். ஆனால் காவலர்க்கும் ஒரு நியதி உண்டு. தடியை எடுக்குமுன் வீட்டாரை எழுப்பிக் கூறுதல் வேண்டும். தோழர் முன் நின்று, அவர் கூச்சலைக் கேட்டு, வாதித்து, வாக்குப் பெற்று நடந்தபொழுதெல்லாம் பெவின் தம் கட்சிக்குப் பலமாயினார்; மூடிய அறையில் முடிவுசெய்தபொழுது பாரமாயினார்.

நம் மாணவருட் பலர் நாளை சங்கங்களிலும் சபைகளிலும் அமர்வர். அவ்விடங்களில் உடன்பாடில்லாத கடுமையான கருத்தைக் கூறவேண்டிய கடமை சிலர்க்கு நேரும். அப்பொழுது பெவினைப்போல் எழுந்து நின்று வெளிப்படையாகக் கூறுக; ஆனால் எதிர்நிற்பவர் லான்ஸ்பரியைப்போன்ற முதியவராயின் சற்றே இரக்கத்துடன் கூறுக. இவ்விரண்டையும் ஒருங்கே கற்பித்தலே இம்மனிதரின் வாழ்க்கையால் நாம் பெறும் பயன்.